பத்து நாள் விடுப்பு

கரட்டடி மில்லில் பெண்களைத் தலையில் தொட்டுத்தான் எண்ணுவார்கள். காலையில் எழுந்ததும் ஒருமுறை, மதியச் சோற்றுக்கு முன்னால் ஒருமுறை, பொழுது சாய்கையில் ஒருமுறை என்று வார்டன் ஸ்டெல்லா மேடம் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, சுட்டுவிரலால் ஒவ்வொரு உச்சந்தலையிலும் ஒரு தட்டுத் தட்டி, ஒன்று இரண்டு மூன்று என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டு போவாள். முப்பத்தாறு வந்தால் கலைந்து போகலாம், நடுவில் யாராவது தும்மி எண்ணிக்கை தவறிவிட்டால் மறுபடி முதல் தலையிலிருந்து தட்டு. மூன்று வருஷமாக நூல் மெஷினில் வேலை பார்த்த பாண்டீஸ்வரிக்கு அந்த விரல் பட்ட இடம் நாள் முழுக்க ஈரமாக இருப்பதுபோலவே இருக்கும். எத்தனை சீயக்காய் போட்டாலும் போகாத ஈரம் அது.

அந்த வருஷம் மில்லுக்குள் ஒரு வகுப்பு நடந்தது. பெண்களுக்கு ஏதாவது சொல்லிக்கொடுத்ததாகக் காகிதம் காட்ட வேண்டியிருந்ததோ என்னவோ, எட்டு ஞாயிற்றுக்கிழமை பாலிடெக்னிக்கிலிருந்து ஒரு பெண் வந்து, கையகலத்தில் பச்சையாக ஒரு போர்டை மேஜைமேல் வைத்து, இதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான், திரையும் கிடையாது பொத்தானும் கிடையாது, ஆனால் நாம் எழுதிக்கொடுத்ததைச் செய்யும், எழுதாததைச் செய்யாது என்று சொன்னாள். முதல் ஞாயிறு ஒரு சின்ன விளக்கை அணைத்து அணைத்து எரியவைத்தார்கள். இரண்டாம் ஞாயிறு, கை குறுக்கே வந்தால் விளக்கு எரிய வேண்டும், கையை எடுத்தால் அணைய வேண்டும். மூன்றாம் ஞாயிற்றுக்குள் மற்ற எல்லோருக்கும் அலுத்துவிட்டது. பாண்டீஸ்வரிக்கு மட்டும் அலுக்கவில்லை. இப்படி நடந்தால் இதைச் செய், இல்லையென்றால் அதைச் செய் என்று எழுதினால், யாருடைய முகத்தையும் பார்க்காமல், யாருடைய சாதியையும் கேட்காமல் அப்படியே செய்கிற ஒன்றை அவள் வாழ்நாளில் அதுவரை பார்த்ததில்லை.

எட்டாம் ஞாயிறு அவள் வாசலுக்கு ஒரு எண்ணும் கருவி செய்தாள். விடுதிக்கும் மெஷின் ஷெட்டுக்கும் சேர்த்து பெண்கள் வெளியே போக ஒரே ஒரு வாசல்தான், ஆபீஸ் ஆட்களுக்கு வேறு வழி. அதன் நிலையில், ஆள் குறுக்கே வந்தால் உணர்கிற இரண்டு கண் பொருத்தினாள், வெளிப்பக்கம் ஒன்று, உள்பக்கம் ஒன்று. வெளிக்கண் முதலில் மறைந்து பிறகு உள்கண் மறைந்தால் ஒரு ஆள் உள்ளே வந்தாள், ஒன்று கூட்டு. உள்கண் முதலில் மறைந்தால் ஒரு ஆள் வெளியே போனாள், ஒன்று கழி. வாசல்மேல் சிவப்பு எழுத்தில் எண் தெரியும். கேட் அறையில் ஒரு திரையிலும் தெரியும். மேனேஜர் துரைக்கண்ணு எங்கே இருந்தாலும் அவருடைய செல்லிலும் தெரியும். மேனேஜர் அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இனிமே தலையத் தட்ட வேண்டியதில்ல, மேடம்" என்றார். அன்று முப்பத்தைந்து பேர் பாண்டீஸ்வரியைத் தூக்கிச் சுற்றினார்கள். அவளோடு பக்கத்து மெஷினில் நிற்கிற, பக்கத்துக் கட்டிலில் படுக்கிற, அவளைவிட இரண்டு வயது சின்னவளான நாகஜோதி, "இனி என் தல எனக்கு" என்று சொல்லிச் சொல்லித் தன் தலையைத் தானே தடவிக்கொண்டாள்.

எல்லோரும் வெளியேறியபின் எண்ணைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டுச் சந்தைக்குப் போனார்கள், திரும்பி வந்து ஒவ்வொருத்தியாக உள்ளே நுழைந்தார்கள். கடைசியாகப் பாண்டீஸ்வரி நுழைந்தபோது முப்பத்தாறு. அவள் திரும்பி நின்று தன் கைவேலையை நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருக்கையில், வாசலில் யாரும் இல்லாதபோது, வெளிக்கண் மறைந்தது, பிறகு, ஒரு ஆள் அடியெடுத்து வைக்கிற நேரம் கழித்து, உள்கண் மறைந்தது. எண் முப்பத்தேழு ஆயிற்று.

அன்று மாலை முழுக்க அவள் புரோகிராமை வரிவரியாகப் படித்தாள். தப்பு இல்லை. கண்களைத் துடைத்தாள், ஒயரைக் கழற்றி மாட்டினாள், எல்லோரையும் மறுபடி வெளியே அனுப்பி உள்ளே விட்டாள். முப்பத்தேழு. மறுநாள் காலையில் சமையல்கட்டுப் பொம்மியக்கா, மில் ஆரம்பித்த நாளிலிருந்து அங்கேயே இருப்பவள், யாரும் சொல்லாமலே முப்பத்தேழாவது தட்டை எடுத்துக் கழுவி, காரம் போடாத குழம்பைத் தனியாக ஊற்றி, ஓரத்தில் வைத்தாள்.

"அது யாருக்குக்கா?"

"வாய்ப்புண்ணுக்காரி. நீங்கள்லாம் வர்றதுக்கு முன்னாடி இருந்தவ. காரம் ஆகாது அவளுக்கு" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்புப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அதற்குமேல் கேட்டால் அவள் பேசமாட்டாள் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபோது அந்தத் தட்டும் காலியாக, ஓரத்தில் ஒரு கறிவேப்பிலை ஒதுக்கிவைத்து இருந்தது.

வார்டன் பதிவேட்டை வைத்துக்கொண்டு, பேர் முப்பத்தாறு, ஆள் முப்பத்தேழு, அப்போ ஒண்ணு மிச்சம் என்றாள். அதுவே பேராகிவிட்டது. பெண்கள் அவளை மிச்சக்கா என்று கூப்பிட்டார்கள். முதல் வாரம் பயந்தார்கள், இரண்டாம் வாரம் ஜன்னலோரக் கட்டிலை அவளுக்கு விட்டுக்கொடுத்தார்கள், மூன்றாம் வாரம் அந்தக் கட்டிலுக்காக அவளோடு சண்டை போட்டார்கள், நான்காம் வாரம் கக்கூஸ் கழுவும் முறையில் வெள்ளிக்கிழமையை அவள் தலையில் கட்டினார்கள், வெள்ளிக்கிழமைகளில் கக்கூஸ் மற்ற நாட்களைவிடச் சுத்தமாக இருந்தது. சீப்பு காணாமல் போனால் மிச்சக்கா, வாளி நிரம்பி வழிந்தால் மிச்சக்கா, யாராவது அழுதுகொண்டு படுத்து எழுந்தால் போர்வை கழுத்துவரை இழுத்துவிடப்பட்டிருக்கும், அதுவும் மிச்சக்கா. மாதம் ஒன்று ஆவதற்குள் அவள் இல்லாமல் அந்த விடுதி எப்படி இருந்தது என்று யோசிக்கவும் யாருக்கும் நேரமில்லை.

துரைக்கண்ணு மட்டும் யோசித்தார். ஆள் இருக்கிறாள், சோறும் தின்கிறாள், வேலை? பன்னிரண்டாம் மெஷினில் ஆளை எடுத்துவிட்டு வெறுமனே ஓடவிட்டுப் பார்த்தார். நூல் அறுந்தது, அறுந்த இழை காற்றில் ஒருகணம் ஆடியது, பிறகு யாரோ விரலால் பிடித்து முறுக்கியதுபோல ஒட்டிக்கொண்டது. அவர் ஒரு மணி நேரம் நின்று பார்த்தார். மறுநாள் பதின்மூன்றாம் மெஷினும் மிச்சக்காவுக்கு. அடுத்த வாரம் பதினான்கு. அவளுக்குச் செல் இல்லை, தலைவலி இல்லை, மாசத்தில் மூன்று நாள் இல்லை, ஊரில் திருவிழா இல்லை. அதிலிருந்து யார் விடுப்புக் கேட்டு அவர் அறைக்குப் போனாலும் அவர் கேட்பது ஒரே கேள்விதான். "மிச்சம் லீவு கேக்குறாளா?"

இதைக் கேட்டுக் கேட்டுப் பெண்களுக்கு மிச்சக்காமேல் ஆத்திரம் வந்தது. அவள் தட்டில் உப்பை அள்ளிப் போட்டார்கள். அவள் அதையும் தின்றாள்.

நாகஜோதி ஆனி மாசத்திலிருந்து விடுப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஊரில் அப்பா சீனிச்சாமி தனியாள், அம்மா இல்லை, மானாவாரி நிலத்தில் கம்பு விதைத்துவிட்டு, மகள் வந்து ஒருநாள் பார்க்கட்டும் என்று வாரம் ஒருமுறை போன் பண்ணுகிற ஆள். அவள் கேட்டது பத்து நாள். கம்மங்கூழ் குடிக்க வேண்டும், மதியத்தில் தூங்க வேண்டும், மெஷின் சத்தம் இல்லாமல் காது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும் என்று அதற்குக் காரணமும் வைத்திருந்தாள். மூன்றுமுறை சீட்டு எழுதிக்கொடுத்து மூன்றுமுறையும் கையெழுத்து விழாமல் திரும்பி வந்தபிறகு, சோற்றுவேளையில் பாண்டீஸ்வரியின் பக்கத்தில் நெருக்கி உட்கார்ந்து கேட்டாள்.

"யக்கா, நான் வெளிய போறப்ப அந்தப் போர்டு ஒண்ணு கழிக்கும்ல. அதக் கழிக்காம இருக்கச் சொல்லேன். பத்தே நாளு. வந்துருவேன். யாருக்கும் தெரியாது."

"அது எப்படிடி?"

"நீ எழுதுனதுதானக்கா. ஒரு வரி."

ஒரு வரிதான். அரைநிமிஷ வேலை. அதைக் கேட்டதும் பாண்டீஸ்வரி சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். அந்த மில்லில் பொய் சொல்லாதது அது ஒன்றுதான், அதை அவள்தான் செய்தாள், அதன்மேல் இருந்த பெருமை தவிர அவளுக்கென்று அங்கே வேறு எதுவும் இல்லை.

"அது தப்பா எண்ணாது நாகு. நான் அப்படி எழுத மாட்டேன். அடுத்த மாசம் கேட்டுப் பாரு, குடுப்பாரு."

நாகஜோதி கோபித்துக்கொள்ளவில்லை. "சரிக்கா" என்று சொல்லித் தன் தட்டிலிருந்த அப்பளத்தைப் பாதி உடைத்துப் பாண்டீஸ்வரியின் தட்டில் வைத்தாள்.

பதினைந்து நாள் கழித்து அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்று நாள் மாத்திரையோடு மெஷினில் நின்றாள். நான்காம் நாள், ஒரு திங்கட்கிழமை, கண் மஞ்சளாகி நிற்க முடியாமல் நூல் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டாள், சூப்பர்வைசர் எழுப்பி நிறுத்தினார். செவ்வாய் காலை பத்து மணிக்கு விழுந்தாள். மில் வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். வாசலில் அவளைத் தூக்கிப் போனபோது உள்கண் மறைந்து, பிறகு வெளிக்கண் மறைந்து, எண் முப்பத்தேழிலிருந்து முப்பத்தாறுக்கு இறங்கியது. ஒரு பெண் வெளியேறினாள், ஒன்று கழி. சரியாகத்தான் செய்தது.

புதன்கிழமை எந்தச் செய்தியும் இல்லை. வார்டனைக் கேட்டால் ஆஸ்பத்திரியில் நன்றாக இருக்கிறாள் என்றாள். வியாழக்கிழமை காலை, எல்லோரும் இட்லிக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். வாசல் திறந்து கிடந்தது, வெளியே வெயில், ஒரு நாய்கூட இல்லை. வெளிக்கண் மறைந்தது. அது மறைந்தே இருந்தது, நடக்கத் தெம்பில்லாத ஒருத்தி நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல, வெகுநேரம். பிறகு உள்கண் மறைந்தது. முப்பத்தேழு.

தட்டுகள் கையில் இருக்க முப்பத்தைந்து பேரும் அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்தார்கள். பொம்மியக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள். பாண்டீஸ்வரி மெல்ல நடந்து போய் நாகஜோதியின் கட்டிலில் கை வைத்துப் பார்த்தாள். விரிப்பு சூடாக இருந்தது, காய்ச்சல்காரி படுத்ததுபோல. மதியம்தான் வார்டன் வந்து, அவள் காலையில் இறந்துபோனாள் என்று சொன்னாள். அதை ஒரு செய்தியாக யாரும் கேட்கவில்லை.

சீனிச்சாமி மகளை ஊருக்குக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு, எட்டாம் நாள் ஒரு மனு எழுதி வாங்கிக்கொண்டு, விசாரணை அதிகாரியோடு மில்லுக்கு வந்தார். மெலிந்த ஆள், சட்டைப் பித்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். துரைக்கண்ணு அதிகாரிக்கு இளநீர் வெட்டிக் கொடுத்துவிட்டு வாசலுக்கு அழைத்துப்போய் எண்ணைக் காட்டினார்.

"பதிவேட்டுல முப்பத்தாறு பேரு சார். உள்ள முப்பத்தேழு. எங்க ஆளு எல்லாரும் இருக்காங்க, ஒண்ணு கூடவே இருக்கு. எங்ககிட்ட யாரும் சாகல."

"நாகஜோதின்னு..."

"வாங்க, காட்டுறேன்."

பதினாறாம் மெஷினில் பேர்ப்பலகை தொங்கியது, நாகஜோதி. நூல் அறுந்தது, ஆடியது, ஒட்டிக்கொண்டது. கொஞ்சம் தடுமாறி, முதல் தடவை வழுக்கி, இரண்டாம் தடவை ஒட்டியது; அவள் எப்போதும் அப்படித்தான், அவசரக்காரி. அதிகாரி இரண்டு பக்கமும் குனிந்து பார்த்தார். பதிவேட்டில் அன்றைய வருகை வரை நிரம்பியிருந்தது.

அப்போது பாண்டீஸ்வரி தன் மெஷினை விட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

"சார், அந்தப் போர்டு நான் எழுதுனது. அதுல ரெண்டு பேரு உசுரோட இல்ல சார்."

அதிகாரி அவளை ஏற இறங்கப் பார்த்தார். "அப்ப அது தப்பா எண்ணுதுங்கிறியா?"

அவள் வாயைத் திறந்தாள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாகஜோதி தன்னருகே, மெஷினுக்கு அந்தப் பக்கம், மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பது அவளுக்குத் தெரிந்தது. உள்ளே இருப்பவளை இல்லை என்று எப்படிச் சொல்வது?

"தப்பா எண்ணல சார்."

"அப்புறமென்ன?" என்று சொல்லிவிட்டு அவர் தாளில், இறந்தவர் வேறு ஒருவர், பெயர் ஒற்றுமை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

கேட்டுக்கு வெளியே வேப்பமர நிழலில் சீனிச்சாமி குத்தவைத்திருந்தார். கம்பிக்கு இந்தப் பக்கம் பாண்டீஸ்வரி போய் நின்றாள்.

"எம்மவ உள்ள இருக்கான்னு சொல்றாகளேம்மா?"

"இருக்காய்யா."

"அப்ப நான் பொதச்சது?"

"அதுவும் அவதாய்யா."

அவர் எழுந்து கம்பியருகே வந்தார். பிறகு, "சாப்புடுறாளா?" என்றார்.

"சாப்புடுறா."

"லீவு குடுத்தா வருவாளா? நான் கேட்டா குடுக்க மாட்டாக. நீ ஒரு வார்த்த கேட்டுப் பாரும்மா."

அடுத்த நாள் இடைவேளையில் பாண்டீஸ்வரி வாசலை அகலத் திறந்துவைத்துவிட்டு, "போடி, உங்கப்பாகிட்டப் போ, இங்க நிக்காத" என்று கெஞ்சினாள், திட்டினாள், காலால் தரையை உதைத்தாள். எண் அசையவில்லை. நாகஜோதி கையெழுத்தில்லாமல் அந்த வாசலைத் தாண்டியதே இல்லை. செத்தபிறகும் அவளுக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை.

அப்போதுதான் பாண்டீஸ்வரி தன் வாழ்நாளில் முதல் பொய்யை எழுதினாள். ஆபீஸ் மேஜையிலிருந்து ஒரு விடுப்புச் சீட்டை எடுத்து, பேர் நாகஜோதி, மெஷின் பதினாறு, காரணம் அப்பாவைப் பார்க்க, என்று நிரப்பி, எத்தனை நாள் என்ற இடத்தில், அவள் கேட்டது அதுதானே என்ற நினைப்பில், யோசிக்காமல், பத்து என்று எழுதி, கீழே துரைக்கண்ணுவின் கையெழுத்தைப் போட்டாள். சீட்டைக் கொண்டுபோய்க் கட்டிலில், தலையணைமேல் வைத்துவிட்டு மெஷினுக்கு வந்துவிட்டாள். மாலையில் பதினாறாம் மெஷினில் ஒரே சமயத்தில் நாற்பது இழை அறுந்து தொங்கியது. வாசலில் உள்கண் மறைந்தது, உடனே வெளிக்கண் மறைந்தது. இந்தத் தடவை ஓடிப் போனவள்போல. முப்பத்தாறு.

மறுநாள் மாலை சீனிச்சாமி போன் பண்ணினார். குரல் வேறு ஆளுடைய குரலாக இருந்தது.

"வந்துட்டாம்மா. கூழு கரச்சு வச்சேன், சொம்பு காலி. மத்தியானம் பூரா கட்டுல் கிறீச்சுன்னு சத்தம் போடுது, பொரண்டு பொரண்டு தூங்குறா. கம்பங்காட்டுல வரப்பு வழியா கதிரு ஒதுங்கி ஒதுங்கி வழி விடுது, நான் பின்னாடியே போனேன்."

துரைக்கண்ணுவுக்கு எண் குறைந்தது செல்லில் தெரிந்தது. போர்டு கெட்டுவிட்டது, சரி பண்ணு என்று பாண்டீஸ்வரியை நாலு நாள் வாசலிலேயே உட்காரவைத்தார். அவள் சும்மா ஒயரைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தாள். பதினாறாம் மெஷின் சும்மா நின்றதால் மற்றவர்கள் தலையில் கூடுதல் மெஷின் விழுந்தது. பெண்கள் முணுமுணுத்தார்கள், மிச்சக்கா மட்டும் ஒன்றும் சொல்லாமல் இன்னொன்றையும் ஏற்றுக்கொண்டாள். ஒன்பதாம் நாள் வார்டன் விரிப்பு மாற்றும்போது சீட்டு கிடைத்தது. துரைக்கண்ணு தன் கையெழுத்தைத் தானே உற்றுப் பார்த்தார். அச்சு அசலாக இருந்தது. அவர் கத்தவில்லை. பாண்டீஸ்வரியைக் கூப்பிட்டார்.

"காலையில பெட்டிய எடுத்துட்டுப் போயிரு" என்றார்.

அவளுக்கு அது வருத்தமாக இல்லை. பத்து நாள் முடியப்போகிறதே என்பதும் உறைக்கவில்லை. வாசல் விட்டதுதானே, போனவள் போனாள், அப்பாவோடு இருப்பாள், இனி யார் கூப்பிட்டு அவள் வரப்போகிறாள் என்றே நினைத்தாள். காலையில் பெட்டியோடு வாசலைத் தாண்டியபோது தலைக்குமேல் எண் முப்பத்தைந்து ஆனது. முதல்முறையாகத் தனக்காக ஒன்று கழிவதை நின்று பார்த்தாள். கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பஸ்ஸுக்கு நின்றாள். ஆறரை மணி பஸ் வந்து நின்றது. படிக்கட்டில் யாரும் இறங்கவில்லை. ஆனால் கண்டக்டர் விசில் ஊதாமல், ஒரு ஆள் இறங்குகிற நேரம் பொறுத்தார், ஏன் பொறுத்தோம் என்று தெரியாதவர்போலத் தலையைச் சொறிந்தார். கம்மங்கூழ் வாசனை பாண்டீஸ்வரியைத் தாண்டி, செருப்புச் சத்தம் இல்லாமல், அவசர அவசரமாகக் கேட்டுப்பக்கம் போனது.

அதே நேரம் அவள் செல் அடித்தது. சீனிச்சாமி.

"பஸ் ஏத்தி விட்டுட்டேம்மா. அவளுக்குப் போக மனசே இல்ல, வாசப்படியிலேயே நின்னா, நான்தான் வஞ்சு அனுப்புனேன். பத்து நாள்தான குடுத்தாக? லேட்டாப் போனா அப்புறம் அடுத்த தடவ விட மாட்டாக. வந்துட்டாளா?"

மில் சங்கு ஊதியது. பாண்டீஸ்வரி பெட்டியைப் போட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்து உலுக்கி, "நாகு, போகாதடி, வெளிய வா, அது நான் போட்ட கையெழுத்துடி" என்று கத்தினாள். உள்ளே செம்மண் தரையில் ஓடுகிற காலடித் தூசி ஒரு கோடாக எழும்பி வாசலுக்குள் போய் அடங்கியது.

கேட் அறையில் வாட்ச்மேன் திரையைப் பார்த்து, பதிவேட்டைப் பார்த்து, முப்பத்தாறு என்று எழுதிக்கொண்டார்.

"சரியா இருக்கு" என்றார்.